மாங்காய் மாலை எத்தனை பவுன்?

என் கல்யாண ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் கடைசியாகப் பார்த்தது 2019 நவம்பரில். ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டுக் கூடம், மழை ஈரம் காயாத ஒரு மத்தியானம். அத்தை மூக்குக்கண்ணாடி போதாமல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, படத்தில் இருந்த என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு 40 பக்க நோட்டு.

“இது காசு மாலையா?”

“இல்ல அத்தை, மாங்காய் மாலை. அம்மாவோடது.”

“எத்தனை பவுன்?”

“தெரியல.”

“தெரியலன்னா போகட்டும்னு விட்டுடலாமா? உங்கம்மாவுக்கு ஃபோன் போடு.”

கணவரைப் பிரிந்து, மகளையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. அழுது முடியவில்லை. அந்த நிலைமையில் உட்கார்ந்து நகைக் கணக்கு எடுப்பது எனக்கு அசிங்கமாக இருந்தது. “எதுவும் வேணாம் அத்தை, எப்படியாவது முடிஞ்சா போதும்” என்றேன். அத்தை அஞ்சலகத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன ஏது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன எத்தனையோ பெண்களைப் பார்த்தவர். “அழு, வேணாங்கல. அழுதுகிட்டே கையெழுத்து மட்டும் போடாத” என்றார்.

விவாகரத்தின் நடுவில் இருக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. இரண்டரை வருஷம் அந்த வழியில் நடந்தவள். “எப்படியாவது முடிஞ்சா போதும்” என்ற நினைப்பு எந்தெந்த இடத்தில் எவ்வளவு பணத்தை என்னிடமிருந்து பிடுங்கியது, எந்தெந்த இடத்தில் அத்தையின் நோட்டு அதைத் தடுத்தது என்று என்னால் சொல்ல முடியும்.

நகையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு நம் பெயரில் இருக்கும் ஒரே சொத்து அதுதான். பிறந்த வீட்டில் போட்டது, மாமியார் வீட்டில் போட்டது, மொய்யாக வந்தது எல்லாமே சீதனம். அது மனைவிக்கு மட்டுமே சொந்தம், கணவரோ அவர் வீட்டாரோ வைத்திருந்தால் அவர்கள் அதைப் பாதுகாத்துத் தர வேண்டியவர்கள் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் வழக்கில், போன 89 பவுனுக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை இருக்கிறது. ஆனால் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

கல்யாணத்தில் கொடுக்கிற பொருள்களுக்கெல்லாம் பட்டியல் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985லேயே விதி இருக்கிறது. எந்தக் கல்யாண வீட்டில் அதை எழுதுகிறார்கள்? எங்கள் வீட்டிலும் எழுதவில்லை. அதனால்தான் ஆல்பம். படம் நகை இருந்ததைக் காட்டும், எடையைக் காட்டாது. எடைக்கு நகைக்கடை ரசீது வேண்டும். அது இல்லாவிட்டால் இன்னொன்று இருக்கிறது, அதை அத்தைதான் சொன்னார்: பழைய அடகுச் சீட்டு. அப்பா என் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கூட்டுறவு வங்கியில் வைத்து மீட்ட நகைக்கடன் சீட்டு ஒன்று அம்மாவின் பீரோவில் இருந்தது. அதில் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி வரி. “மாங்காய் மாலை 1, மொத்த எடை 41.200 கிராம், நிகர எடை 39.600.” ஐந்து பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தை அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

கூட்டிப் பார்த்தபோது 42 பவுன். நான் போட்டுக்கொண்டு வந்தது 9. கணவர் வீட்டு லாக்கரில் 16. மீதி 17ஐ அவர் தொழிலுக்காக அடகு வைத்திருந்தார், சீட்டு அவர் பெயரில். இரண்டு வருஷம் கழித்து சமரசப் பேச்சு வந்தபோது லாக்கர் நகை முழுக்க வந்தது. அடகிலிருந்து 11 வந்தது. மீதி 6 பவுன் ஏற்கெனவே ஏலத்தில் போயிருந்தது. அதற்குப் பணம் தருகிறேன், கல்யாணத்தின்போது என்ன விலையோ அந்த விலைக்கு என்றார்கள். 2010ல் பவுன் 13,000 பக்கம். பேச்சு நடந்த 2021 டிசம்பரில் 36,000ஐ ஒட்டி. ஆறு பவுனுக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 1,38,000 ரூபாய். இன்றைய விலைதான் வேண்டும் என்று உட்கார்ந்தோம், கிடைத்தது. நோட்டு இல்லாமல் போயிருந்தால் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஏலத்தில் போனதில் அம்மாவின் மாங்காய் மாலையும் ஒன்று. அதற்கு எந்த விலையும் சரியில்லை, அது வேறு விஷயம்.

நகைக் கணக்கு முடிந்ததும் நோட்டின் அடுத்த பக்கத்தில் அத்தை “மாசச் செலவு” என்று தலைப்பு எழுதினார். பால், மளிகை, காய், கேஸ், பள்ளி வேன், மகளின் ஆஸ்துமா மருந்து, தைராய்டு மாத்திரை, மொபைல், கோயில், நல்லது கெட்டதுக்குப் போய்வரும் பஸ் செலவு. எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் கோர்ட்டில் அதிகம் வேலை செய்தது அந்தப் பக்கம்தான். ஜீவனாம்சம் கேட்கிற வழக்குகளில் இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று சொன்னது. எங்கள் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 2021 ஆரம்பத்தில் வக்கீலம்மா அந்தப் படிவத்தைக் கொடுத்தபோது, மாதச் செலவுக் கட்டங்களை ஒரே ராத்திரியில் நிரப்பினேன். எதிர்த் தரப்பில் ‘சம்பளம் 35,000’ என்று எழுதியிருந்தார்கள். கார் தவணை மட்டும் 14,000 என்பதை அதே பத்திரத்தின் கடன் பக்கத்திலேயே காட்டியிருந்தார்கள்.

அவர் எங்களுக்குச் சொல்லாமல் வாங்கிப் போட்ட மனை ஒன்றும் இருந்தது. ஒருமுறை காரில் போகும்போது “ஃப்ரெண்டோட இடம்” என்று காட்டியிருந்தார். அந்த லேஅவுட் படம் பழைய வாட்ஸ்அப்பில் கிடந்தது, சர்வே எண்ணோடு. ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டுகிற வில்லங்கச் சான்றைத் தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும். பார்த்தேன், அவர் பெயர் இருந்தது. இதில் உளவு வேலை எதுவும் இல்லை, அரசாங்கம் திறந்து வைத்திருக்கிற பதிவேடு அது. என் தாய்மாமா ஒருவர், என் பெயரில் இருந்த 1,80,000 ரூபாய் எஃப்டியைக் காட்டாதே, உடைத்து அம்மா பெயரில் போட்டுவிடு என்றார். நான் காட்டினேன். அடுத்தவர் மறைக்கிறார் என்று சொல்லப் போகிறவள் கை சுத்தமாக இருக்க வேண்டும். தவிர, பிரமாணப் பத்திரத்தில் பொய் சொல்லி மாட்டினால் மொத்த வழக்கும் அங்கேயே சாய்ந்துவிடும்.

நான் தோற்ற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பிரிந்து வந்தது 2019 நவம்பர், ஜீவனாம்ச மனு போட்டது 2020 ஆகஸ்ட். ஊரடங்கு ஒரு காரணம். உண்மையான காரணம் கேட்க வெட்கம். ‘அவர் காசு எனக்கெதுக்கு’ என்று வீம்பு. நீதிமன்றம் மாதம் 12,000 என்று உத்தரவு போட்டபோது, மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தரச் சொன்னது. 2020 தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது: மனுத் தேதியிலிருந்து. ஆக, என் வீம்பு ஒன்பது மாதம், 1,08,000 ரூபாய். அந்த மாதங்களில் அத்தையின் பென்ஷனில் சாப்பிட்டோம். வக்கீல் கட்டணத்துக்கும் அத்தையிடம் 40,000 கடன் வாங்கினேன். வருமானம் எவ்வளவு இருந்தாலும் சரி, எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது என்பதும், மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அதற்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருப்பதும், 15100 என்று ஒரு உதவித் தொலைபேசி எண் இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

(நான் பேசுவது பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை வைத்து. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு. ஆனால் ஜீவனாம்சத்துக்கு எல்லோருக்கும் பொதுவான பிரிவு ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்று பல வருஷம் கேட்டிருப்பீர்கள், 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 144. விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் 125இன் கீழ் கேட்கலாம் என்று அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிப்படுத்தியது.)

இனி கடன். சொத்தை எல்லோரும் தேடுகிறார்கள், கடனை யாரும் தேடுவதில்லை. நானும் தேடவில்லை. வக்கீலம்மாதான் “சிபில் ரிப்போர்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டார். நம் பெயரில் என்னென்ன கடன், ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் அறிக்கை அது. எனக்கென்ன கடன், கிரெடிட் கார்டுகூட இல்லையே என்றேன். வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், எடுத்துப் பாருங்கள் என்றார். எடுத்தால், வீட்டுக்கடனுக்குக் கீழே இன்னொரு வரி: 6 லட்சம் ரூபாய் தொழில் கடன், அதற்கு நான் ஜாமீன். மூன்று தவணை பாக்கி. எப்போது கையெழுத்துப் போட்டேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஞாபகம் வந்தது. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று பென்சிலில் புள்ளி வைத்த இடங்களில் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டேன். என்னவென்று கேட்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் சண்டை என்றுகூட இல்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இதைப் புரிந்துகொள்ளுங்கள்: விவாகரத்துத் தீர்ப்பில் ‘கடனை கணவர் கட்டுவார்’ என்று எழுதியிருந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. நாம் வங்கியோடு போட்ட ஒப்பந்தம் தனி. அவர் கட்டாவிட்டால் வங்கி நம் வாசலுக்கு வரும், நம் கடன் மதிப்பெண்தான் விழும். பிற்காலத்தில் மகளுக்குக் கல்விக்கடன் கேட்டுப் போகும்போது அந்த வரி நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்ற வாக்கியத்தை ஏற்காமல், கடனை முடித்து வங்கியின் ‘நிலுவை இல்லை’ கடிதத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் இரண்டாவது மனுவில் கையெழுத்து என்று வைத்தோம். 2022 ஜனவரியில் கொடுத்தார்.

இரண்டாவது மனு என்றேன். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017லிருந்து வழி இருக்கிறது. எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எனக்கு அந்த ஆறு மாதம் வரமாக அமைந்தது. வீடு விற்றது, கடன் முடிந்தது, லாக்கர் திறந்தது எல்லாம் அதற்குள்தான். கடைசிக் கையெழுத்து நம்மிடம் பாக்கி இருக்கும்வரைதான் எதிர்த் தரப்புக்கும் வேலையை முடிக்க வேகம் இருக்கும். தொகையை இரண்டாகப் பிரித்து, பாதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவதின்போது நீதிபதி முன்னாலும் டிமாண்ட் டிராஃப்டாக வாங்கினோம். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கூட்டுப் பெயரில் ஒரு ஃபிளாட், 14 லட்சம் கடன் பாக்கி. பேச்சு வந்தபோது அவர் தரப்பே சொன்னது: வீட்டை அவளே எடுத்துக்கொள்ளட்டும், தவணையையும் அவளே கட்டட்டும், வேறெதுவும் கேட்க வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில், “வீட்டை விட்றாத”. எனக்கும் அந்த வீட்டின் மீது உயிர். சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதன் நிழல் காலை ஒன்பது மணிக்கு மேடையில் விழும். பால்கனியில் நான் வைத்த பிரண்டையும் தூதுவளையும். வீடு கிடைத்தால் நான் ஜெயித்ததாக ஊர் நினைக்கும் என்றும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

நோட்டை எடுத்தோம். தவணை 18,600. அபார்ட்மென்ட் பராமரிப்பு 2,500. சொத்து வரி, குடிநீர் வரி. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுத எனக்குக் கிடைத்திருந்த சம்பளம் 16,000. இந்த இரண்டு எண்ணையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதும் வேறு பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. செங்கல் பால்காரருக்குக் காசு கொடுக்காது. 2021 டிசம்பரில் 46 லட்சத்துக்கு விற்றோம். கடன் போக 32, ஆளுக்கு 16. விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. அதையும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் என்ன நிற்கும் என்று முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஆடிட்டருக்குக் கொடுக்கிற கட்டணம் வீண் இல்லை. சாவியைக் கொடுத்த நாள் தூதுவளையை மட்டும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

வீடு விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: விவாகரத்தானால் பாதிச் சொத்து மனைவிக்கு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. கோவா போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் போர்த்துகீசியர் காலத்துச் சட்டப்படி தம்பதியின் சொத்து பொதுவானது. மற்ற இடங்களில் பத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் சொத்து. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு கொடுத்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பும் சொத்து சேர்வதற்குப் பங்களித்ததுதான், அவருக்கும் சம பங்கு உண்டு என்றது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதை வைத்து உங்கள் வழக்கிலும் பாதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொன்று: வழக்கு முடியும்வரை வாழ்ந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அது மாமனார் பெயரில் இருந்தாலும் சரி. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 2020ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதைச் சொல்கின்றன. உயிருக்குப் பயம் இருந்தால் கிளம்பி வாருங்கள், 181க்கு அழையுங்கள். கோபத்தில் மட்டும் கிளம்பாதீர்கள். நான் கோபத்தில் கிளம்பினேன், என் படிப்புச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க ஒரு வருஷம் ஆனது.

என் அலுவலகத் தோழிக்கு நிலைமை வேறு. அவளுக்கு நல்ல சம்பளம், வீட்டுக்கடனும் முடிந்திருந்தது. கணவர் தன் பாதியை அவளுக்கே கொடுக்க ஒப்புக்கொண்டார். தீர்ப்பு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் இருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஆவண எழுத்தர் ஒருவர்தான் எச்சரித்தார்: “அம்மா, இன்னிக்கு அவர் உங்க வீட்டுக்காரர். தீர்ப்பு வந்தா வெளி ஆள்.” கணவன் மனைவிக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அப்போது 25,000, பதிவுக் கட்டணம் 4,000. 2023 ஜூலைக்குப் பிறகு 40,000, 10,000. வெளி ஆளிடம் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வையே 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. அவர் பங்கின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு, 18 லட்சம். 22,000 ரூபாயில் முடிந்தது. தீர்ப்புக்குப் பிறகு போயிருந்தால் தீர்வை மட்டும் 1,26,000. இதை எந்த வக்கீலும் அவளுக்குச் சொல்லவில்லை, மரத்தடியில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தவர் சொன்னார்.

மொத்தத் தொகையா, மாதா மாதமா? எனக்கு வந்த பேச்சு இது: ஒரே தடவையில் 12 லட்சம், அல்லது மாதம் 10,000. பன்னிரண்டு லட்சத்தை 6 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 6,000தான் வரும். பார்வைக்கு 10,000 பெரிசு. ஆனால் மாதப் பணம் நின்றுபோனால் ஒவ்வொரு தடவையும் உத்தரவை நிறைவேற்றக் கேட்டு ஒரு மனு, வாய்தா, லீவு. மாதா மாதம் வருவது வருமானமாகக் கணக்காகும், வரி உண்டு. ஒரே தொகையாக வருவதற்கு வருமான வரி இல்லை. நாளைக்கு மறுமணம் செய்துகொண்டால் மாதப் பணத்தை நிறுத்தக் கேட்கலாம். இதற்கெல்லாம் மேலே, மாதா மாதம் ஐந்தாம் தேதி ஒருவர் பணம் போடுவாரா என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று இருந்தது. 12 லட்சத்தை எடுத்தேன். அவருக்கு நிரந்தர அரசு வேலை, சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய முடியும் என்ற நிலைமை இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம். தொழில் செய்கிறவரிடம் நான் அந்த நம்பிக்கை வைக்கத் தயாராக இல்லை.

2022 பிப்ரவரியில் தீர்ப்பு. என் கணக்கில் 28 லட்சம். அவ்வளவு பணத்தை என் பெயரில் நான் பார்த்ததே இல்லை. ஒரே வாரத்தில் எத்தனை பேர் வந்தார்கள்! ஒருவர் சமயபுரம் பக்கம் மனை, ஒருவர் மாதம் 3 சதவீத வட்டி, சித்தப்பா மகன் பங்குச் சந்தை. அத்தை எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்து, “ஒரு வருஷம் அவ அதைத் தொட மாட்டா” என்று சொல்லி அனுப்பினார். எனக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை. நான் மகளுக்கு ஒரு பெரிய சைக்கிளும், எனக்கு ஒரு ஸ்கூட்டரும், அம்மாவுக்கு ஒரு மாங்காய் மாலையும் என்று மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் மட்டும் வாங்கினேன், வேலைக்குப் போக வேண்டுமே.

மீதியை வெவ்வேறு வங்கிகளில் பிரித்து எஃப்டி போட்டோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் அப்போது தனி ஆளுக்கு வரம்பு 4.5 லட்சம். 2023 ஏப்ரலில் அது 9 லட்சமானதும் முழுக்கப் போட்டேன். 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 வருகிறது, என் மளிகையும் கேஸும் அதில் ஓடுகின்றன. மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் கணக்கு ஆரம்பித்தேன். இதெல்லாம் பெரிய முதலீட்டு ஞானம் இல்லை. பணவீக்கத்தோடு ஓட இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மியூச்சுவல் ஃபண்டும் போடுகிறேன். ஆனால் முதல் வருஷத்தில் அந்தப் பணத்துக்குத் தேவைப்பட்டது லாபம் அல்ல, பாதுகாப்பு. தூக்கம் வராத மனசு முதலீட்டு முடிவு எடுக்கக் கூடாது.

சின்னச் சின்ன வேலைகள் சிலவற்றையும் சொல்ல வேண்டும், அவற்றில்தான் நாம் வழுக்குகிறோம். என் ஆதாருக்கும் வங்கிக்கும் கொடுத்திருந்த மொபைல் எண் அவர் பெயரில் இருந்த குடும்பத் திட்டத்தில் இருந்தது. அந்த சிம்மை அவர் நிறுத்திய மறுநாள் எனக்கு ஒரு ஓடிபியும் வரவில்லை. என் பணத்தை நானே எடுக்க முடியாமல் இரண்டு வாரம் அலைந்தேன். பிரிவு என்று மனசில் பட்ட அன்றே சொந்தப் பெயரில் ஒரு சிம், அந்த எண்ணில் ஆதார், வேறு வங்கியில் ஒரு கணக்கு. மருத்துவக் காப்பீடு அவர் கம்பெனியின் குழுக் காப்பீடாக இருந்தால் தீர்ப்போடு அது போய்விடும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் புதுக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டு. நான் எடுத்தபோது நான்கு வருஷம் வரை போட்டார்கள், 2024லிருந்து அதிகபட்சம் மூன்று. ஆகவே வழக்கு நடக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

நாமினி. என் ஆயுள் காப்பீட்டில் அவர் பெயர், பழைய வேலையின் பிஎஃப் கணக்கில் அவர் பெயர். தீர்ப்பு வந்தால் தானாக மாறும் என்று நினைத்திருந்தேன். நாமே போய் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதிலும் காப்பீட்டில், 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கணவர் நாமினியாக இருந்தால் பணம் அவருக்கே சொந்தமாகும். மகள் பெயரை எழுதினேன். மைனர் என்பதால் அவள் சார்பில் வாங்க என் தம்பி பெயரையும் எழுதினேன். அதோடு நிற்காமல் உயிலும் எழுதினேன். நான் போய்விட்டால் சட்டப்படி மகளுக்கு இயற்கைக் காப்பாளர் அவள் அப்பாதான். அவள் பணம் அவர் தொழிலுக்குள் போய்விடக் கூடாது. இரண்டு சாட்சி, உயிலில் சொன்னதை நிறைவேற்ற வேண்டியவர் தம்பி, அவளுக்கு 21 வயது ஆகும்வரை படிப்புக்கு மட்டும் என்று எழுதினோம்.

மகள் விஷயத்தில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். அவளுக்கு மாதம் 10,000 என்று ஒப்பந்தத்தில் எழுதியபோது அவளுக்கு ஏழு வயது. நகை, வீடு, கடன் எல்லாம் பேசி முடித்துக் களைத்துப் போயிருந்த சாயங்காலம். ‘வருஷா வருஷம் இத்தனை சதவீதம் கூட்டித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலம்மா கேட்டார். அவர்கள் முகம் சுளித்தார்கள். மறுபடியும் பேச்சு நீளும் என்று பயந்து, “பரவால்ல மேடம், விட்டுடுங்க” என்றேன். அத்தை அன்றைக்கு வரவில்லை, முட்டி வலி. வருஷம் 6 சதவீத விலையேற்றம் என்று வைத்தால் பத்து வருஷத்தில் 10,000 ரூபாயின் வாங்கும் சக்தி 5,600 அளவுக்கு இறங்கிவிடும். அப்போதுதான் அவள் பிளஸ் டூ படிப்பாள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 என்று நிர்ணயித்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்ட வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியதைப் படித்தபோது அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

நல்லவேளை, பிள்ளையின் உரிமையை அம்மா விட்டுக்கொடுத்தாலும் அது போய்விடுவதில்லை. நிலைமை மாறியிருந்தால் தொகையைத் திருத்தக் கேட்டு மனுப் போடலாம். அவள் இப்போது ஆறாம் வகுப்பு. 2022ல் 38,000 ஆக இருந்த பள்ளிக் கட்டணம் இந்த வருஷம் 62,000. மூன்று வருஷ ரசீதையும், ஆஸ்துமா மருந்து பில்லையும், வேன் கட்டணத்தையும் தேதிவாரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய 40 பக்க நோட்டு தீர்ந்துவிட்டது, அத்தை இந்த முறை 192 பக்கம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் 11ஆம் தேதி முதல் வாய்தா. தானும் வருகிறேன், ஆட்டோ சொல்லிவிடு என்றிருக்கிறார்.